இடுகிற கோழிக்கு ஊசி இல்லை

மச்சான் அதைச் சொன்னபோது அக்கா அவருக்கு ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"முட்டை இடற கோழிக்கு ஊசி போடறதில்லீங்க அத்தை. போட்டா முட்டை கொறையும். வர்றதும் ஓடில்லாத தோல் முட்டையா வரும். பண்ணையில கூட்டிப் பெருக்கற பொம்பளைக்குக்கூட இது தெரியும்."

என் அம்மாவிடம்தான் சொன்னார். ஆனால் அது அக்காவைப் பற்றிய பேச்சு. அக்கா மோனிஷாவுக்கு அப்போது ஏழாம் மாதம். அவள் ரசக் கரண்டியைப் பாத்திரத்தில் வைத்துவிட்டு அப்பளம் எடுத்துவர உள்ளே போனாள். யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். அந்த முகத்தில் எதுவும் இல்லாததுதான் எனக்கு ஆத்திரமாக இருந்தது.

மச்சான் பிரபாகர் முட்டாள் இல்லை. அதை முதலிலேயே எழுதிவிட வேண்டும், இல்லாவிட்டால் இந்தக் கோபம் எனக்கே நியாயமாகப் படாது. நாமக்கல்லைச் சுற்றியுள்ள கோழிப் பண்ணைகளில் ஊசி போடும் டீம் ஒன்றை அவர் நடத்துகிறார். கூண்டிலிருந்து கோழியை எடுத்து, ஊசியைப் போட்டு, திரும்ப விடுவதற்குள் அந்தக் கோழி ஒரு முறைதான் கத்தும். குஞ்சுக்கு எது, கண்ணில் விடும் சொட்டு எது, இறக்கைச் சவ்வில் குத்தும் அம்மை ஊசி எது, முட்டைக்கு வருவதற்கு முன் மார்புச் சதையில் போடுவது எது என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வார். முட்டை இடத் தொடங்கிய பிறகு கோழியைப் பிடித்து ஊசி போடுவது அவர்கள் வழக்கத்தில் இல்லை. கோழிக்கு அது சரியாகவே இருக்கலாம். என் அக்கா கோழி இல்லை என்பது மட்டும்தான் அதில் பிழை.

கர்ப்பிணிகளும் கொரோனா ஊசி போட்டுக்கொள்ளலாம் என்று ஜூலைத் தொடக்கத்தில்தான் அறிவித்திருந்தார்கள். அது 2021, ஆனி மாதம். மச்சானே அதற்கு முன்பே போட்டுக்கொண்டுவிட்டார். ஊசி போடாத ஆளைப் பண்ணைக்குள் விடமாட்டோம் என்று பண்ணைக்காரர்கள் சொல்லிவிட்டதால் டீமில் எல்லோருமே வரிசையில் நின்று போட்டுக்கொண்டார்கள். அதை நான் கேட்டேன். நீங்கள் மட்டும் எப்படிப் போட்டுக்கொண்டீர்கள் என்று.

"நானென்ன அம்மிணி முட்டையா இடறேன்? சேவலுக்குத் தாராளமாப் போடலாம்."

அவருடைய அம்மா கண்ணாத்தாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். என் அம்மாவும் சிரித்தார். மாப்பிள்ளை சொல்லும் எதற்கும் சிரிக்கும் சிரிப்பு அது. நான் சாப்பிட்ட இலையை மடித்து எடுத்துக்கொண்டு வெளியே போனேன். சொல்ல வேண்டிய பதில் அவர்கள் வீட்டைவிட்டுப் பேருந்து ஏறி, மோகனூர் வந்து இறங்கிய பிறகுதான் எனக்கு வந்தது. எனக்கு எப்போதும் அப்படித்தான்.

அக்காவுக்கு ஒரு தோழி இருந்தாள், இசபெல்லா. கல்யாணத்துக்கு முன் அக்கா சேலத்தில் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தபோது இருவரும் ஒரே கவுண்டரில் நின்றவர்கள். சூரமங்கலத்தில் இசபெல்லா வீட்டு கிறிஸ்துமஸ் கேக் எங்கள் வீடு வரை வரும். இருவரும் முன்பின்னாகக் கர்ப்பமானார்கள். மே மாதம் இசபெல்லாவுக்குக் காய்ச்சல் வந்தது. எட்டாம் மாதம். ஆக்சிஜன் படுக்கைக்கு அலைந்தார்கள், கிடைத்தது, ஆனாலும் போய்விட்டாள். குழந்தையும் இல்லை. பெட்டியைத் திறந்து காட்டவில்லை என்று அவள் தம்பி ஜோஸ்வா போனில் சொன்னான். கர்ப்பிணிகளுக்கு அப்போது ஊசி அனுமதியே இல்லை. அதனால் அவள் போட்டிருந்தால் பிழைத்திருப்பாள் என்று சொல்லவும் எனக்கு உரிமை இல்லை. ஆனால் அக்கா அன்றிலிருந்து வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டேதான் தூங்குகிறாள்.

நான் பகலில் ஒரு தீவன மில்லின் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். மாலையில் அரசுத் தேர்வுக்கான வகுப்பு. அந்த மாதங்களில் வகுப்பு போனிலேயே நடந்தது. படிக்கிற பழக்கம் இருப்பதால், கர்ப்பிணிகளுக்கான ஊசியைப் பற்றி வந்ததையெல்லாம் படித்தேன். ஒவ்வொரு சந்தேகத்தையும் எழுதி, எதிரே அதற்கு மருத்துவர்கள் சொன்ன பதிலை எழுதினேன். பதில் இல்லாத சந்தேகங்களையும் மறைக்காமல் எழுதினேன். முழுப் பக்கம் ஆனதும் போட்டோ எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன். இரண்டு நீல டிக் விழுந்தது. பதில் வரவில்லை.

இவ்வளவு படித்தும் நான் இன்னும் ஊசி போட்டுக்கொள்ளவில்லை. முதலில் டோக்கன் கிடைக்கவில்லை. பிறகு கிடைத்தது, அன்று மில்லில் கணக்கு முடிக்கும் வேலை. அதற்கும் பிறகு காரணம் எதுவும் இல்லை. முகாம் நடக்கும் பள்ளிக்கூடத்தைத் தாண்டித்தான் தினமும் போனேன். படிக்கப் படிக்கத் தைரியம் வரும் என்று நினைத்தேன். ஒரு பயம் போனால் அந்த இடத்தில் இன்னொன்று வந்து உட்கார்ந்தது.

இதற்கிடையில் கட்டுச்சோற்றுக்கு நாள் குறித்துவிட்டார்கள். எங்கள் பக்கம் கர்ப்பிணிப் பெண்ணுக்குப் பிறந்த வீட்டார் வகைவகையாகச் சோறு கட்டிக்கொண்டு போய், வளையல் போட்டு, விருந்து வைத்து, பிரசவத்துக்கு அழைத்து வருவார்கள். ஆடி பிறந்தால் செய்யக் கூடாது, அதனால் ஆனி கடைசி வியாழக்கிழமை. எண்பது பேர் என்று அம்மா சொன்னார். எண்பது பேரும் அவள் கன்னத்தில் சந்தனம் பூசுவார்கள். எண்பது பேரும் அவள் வாயில் ஒரு வாய் ஊட்டுவார்கள். பத்துப் பேரோடு செய்யலாம் என்று சொன்னேன். எல்லோரையும் மாஸ்க் போடச் சொல்லலாம் என்றேன். விருந்துக்கு வரும் ஒறம்பரையைப் பார்த்து வாயை மூடு என்று சொன்னால் அடுத்த விசேஷத்துக்கு யார் வருவார்கள் என்று அம்மா திருப்பிக் கேட்டார். அன்றைக்கு ஊசி போட்டாலும் பலன் வர வாரக்கணக்கில் ஆகும் என்று எனக்குத் தெரியும். தெரிந்திருப்பதில் என்ன லாபம்? அம்மாவோடு பேசாமல் இருந்தேன். அம்மா அதைக் கவனிக்கவே இல்லை, புளி வாங்கும் அவசரத்தில் இருந்தார்.

கட்டுச்சோற்றுக்கு முந்தின வாரம் அக்காவுக்கு மாதாந்திர செக்கப். மச்சானுக்கு ராசிபுரம் பக்கம் பண்ணை வேலை. அதனால் ஸ்கூட்டியில் நான் அழைத்துப் போனேன். சுகாதார நிலையத்தின் வேப்ப மரத்தடியிலேயே ஊசி முகாம் நடந்தது. எடை பார்த்து, ரத்த அழுத்தம் பார்த்து முடிந்ததும் அக்கா எதுவும் சொல்லாமல் அந்த வரிசையில் போய் நின்றாள். நான் அனுப்பிய பக்கத்தை அவள் படித்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் முறை வந்தது. நர்ஸம்மா அக்காவின் வயிற்றைப் பார்த்துவிட்டு வீட்டுக்காரர் வந்திருக்கிறாரா என்று கேட்டார். வரவில்லை என்றோம். அப்படியானால் கூட்டி வாருங்கள், போடுகிறேன் என்றார். அப்படி ஒரு விதி எங்கே இருக்கிறது என்று நான் கேட்டேன். விதி இல்லை கண்ணு, ஆனால் கூட்டி வா என்றார். போன வாரம் ஒரு பெண்ணுக்குப் போட்டு, அவளுக்குக் காய்ச்சல் வந்து, அவள் புருஷன் இங்கே வந்து நாற்காலியை உடைத்துவிட்டுப் போனானாம். உடைந்த நாற்காலியைக் கையை நீட்டிக் காட்டினார். அது சுவரோரம் மூன்று காலில் சாய்ந்து கிடந்தது.

நான் கத்தினேன். அக்காவின் உடம்பு மச்சானுடைய சொத்தா என்று கேட்டேன். மேலே புகார் எழுதுவேன் என்றேன். வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் வேடிக்கை பார்த்தார்கள். நர்ஸம்மா கோபப்படவே இல்லை. காலையிலிருந்து அந்த இடத்தில் நிற்கிறவர், கோபப்படவும் தெம்பு இல்லை போல.

"இத்தனை பேசறியே கண்ணு, நீ போட்டுட்டியா?"

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, வா போகலாம் என்று நடந்தாள்.

ஸ்கூட்டி நிறுத்தியிருந்த இடத்தில் வைத்துத்தான் அவள் பேசினாள். அக்கா அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

"அவரு என்னையக் கோழிங்கறாரு. நீ என்னைய உன்ற பரீட்சைக் கேள்வி மாதிரி நெனச்சிட்டிருக்கற. பக்கம் பக்கமா அனுப்பற. உனக்குப் பயமா இருக்குதா அக்கான்னு ஒரு வார்த்தை கேட்டியா?"

"பயமா இருக்குதா?"

"இப்பக் கேக்காத." சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். "போட்டாலும் பயம், போடாட்டியும் பயம். இசபெல்லா பெட்டியும் கண்ணுக்குள்ள வருது, உள்ள ஒதைக்கறதும் தெரியுது. நீயும் பயந்துட்டுத்தான் போடாம இருக்கற. அதைச் சொல்லியிருந்தீன்னா நாம ரெண்டு பேரும் சேந்து பயந்திருக்கலாமல்லோ."

எனக்குக் கோபம் வந்தது. அவள் சொன்னது உண்மை என்பதால் வந்த கோபம். அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. ஸ்கூட்டிச் சாவியை அவள் கையில் கொடுத்துவிட்டு வரிசைக்குத் திரும்பிப் போனேன். நர்ஸம்மா ஒன்றும் கேட்கவில்லை. கையை மடக்காமல் தொங்கவிடு என்றார், அவ்வளவுதான். அரை மணி நேரம் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். மயக்கம் வருகிறதா, மூச்சு முட்டுகிறதா என்று எனக்குள்ளேயே தேடிக்கொண்டிருந்தேன். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காய்ச்சல். மில்லுக்குப் போகவில்லை. அக்கா நான்கைந்து தடவை போன் செய்தாள். ஒரு தடவை மச்சான் அவள் போனை வாங்கிப் பேசினார்.

"என்ன அம்மிணி, ரியாக்சனா? நல்லது. நாங்க றெக்கையில அம்மை ஊசி குத்துனா ஒரு வாரம் கழிச்சுக் கோழியப் புடிச்சுப் பாப்போம். குத்துன எடத்துல கொப்புளம் வந்திருந்தாத்தான் ஊசி புடிச்சிருக்குன்னு அர்த்தம். வராட்டி திரும்பக் குத்துவோம்."

அப்படியானால் அக்காவுக்கும் போடலாமே என்றேன். அதுதான் இடுகிற கோழி என்று சொன்னேனே என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். காய்ச்சலோடு சேர்ந்து அந்தக் கோபமும் என் உடம்பில் கொதித்தது. ஊசியைப் பற்றி எல்லாம் தெரிந்த மனிதர். ஊசி என்றால் கொலை என்று நம்புகிற ஆளிடம்கூடப் பேசிப் பார்க்கலாம். இவரிடம் எதைப் பேசுவது?

வியாழக்கிழமை வேனில் சோற்றுப் பாத்திரங்களை ஏற்றிக்கொண்டு மச்சான் வீட்டுக்குப் போனோம். புளிச்சோறு, தேங்காய்ச் சோறு, எலுமிச்சைச் சோறு, எள்ளுச் சோறு, தயிர்ச் சோறு. எண்பது பேர் என்றது நூறைத் தாண்டியிருந்தது. மாஸ்க் போட்டிருந்தவர்களும் அதைத் தாடைக்குக் கீழே இழுத்துவிட்டிருந்தார்கள். நடுக்கூடத்தில் மணை போட்டு, சந்தனக் கிண்ணமும் வளையல் தட்டும் வைத்து, பெண்ணை வரச் சொன்னார்கள்.

அக்கா பட்டுச் சேலையோடு அறை வாசலில் வந்து நின்றாள். மணைக்கு வரவில்லை.

"ஏனுங்க, வண்டியை எடுங்க. ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்து உக்கார்றேன்."

கூடம் கலைந்துவிட்டது. வலி வந்துவிட்டது என்று நினைத்துக் கண்ணாத்தாள் ஓடிவந்து அவளைத் தாங்கினார். அம்மாவின் கையிலிருந்த தட்டு சாய்ந்து வளையல்கள் உருண்டன. மச்சான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

"எங்க புள்ள வலிக்குது?"

"வலியில்லீங்க. ஊசி போட்டுக்கோணும். நீங்க வந்தாத்தான் போடுவாங்களாம்."

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். மச்சானின் பெரியப்பா, இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சபை என்றால் என்னவென்று தெரியவில்லை என்றார். நல்ல நேரம் போய்விடும் என்றது ஒரு குரல். அம்மா என்னைப் பார்த்த பார்வையில் நான் எரிந்துபோயிருக்க வேண்டும். ஆனால் அக்கா இப்படிச் செய்வாள் என்று எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது.

கண்ணாத்தாள் நேராகவே கேட்டார். "உன்ற தங்கச்சி சொல்லிக் குடுத்துதா சாமி?"

"அவ சொன்னதுக்காகவே இத்தனை நாள் போடாம இருந்தனுங்க அத்தை."

மச்சானின் முகம் கறுத்துவிட்டது. இன்றைக்கா, இத்தனை பேர் முன்னாலா என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். தனியாகக் கேட்டபோதெல்லாம் நீங்கள் கோழிக் கதை சொன்னீர்கள், அதனால்தான் இத்தனை பேர் முன்னால் கேட்கிறேன் என்றாள். அது கோழிக் கதை இல்லை, தொழில் என்றார். அனுபவம் என்றார். அவர் குரல் ஏறிக்கொண்டே போனது. அக்காவின் குரல் ஏறவே இல்லை.

"கோழி செத்தா அடுத்த பேட்ச் எறக்கிக்குவீங்க. நான் செத்தா என்னங்க பண்ணுவீங்க?"

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து மணைமேல் வீசினார். வேன் சாவியை டிரைவரிடமிருந்து பிடுங்கிக்கொண்டு வெளியே போனார். வீட்டைவிட்டே போகிறார் என்று நினைத்தேன். வேன் ஸ்டார்ட் ஆனது, ஆனால் நகரவில்லை. அக்கா செருப்பைத் தேடினாள். அவளால் குனிய முடியாது. நான் எடுத்து மாட்டிவிட்டேன். அவளோடு நானும் ஏறிக்கொண்டேன். வழி முழுக்க வேன் பள்ளத்தில் இறங்கும்போது மட்டும் அவர் வேகத்தைக் குறைத்தார். வேறு எதற்கும் குறைக்கவில்லை.

நர்ஸம்மா பட்டுச் சேலையையும் பூவையும் பார்த்துவிட்டுக் கொஞ்சம் திகைத்தார். வீட்டுக்காரர்தானே, சம்மதம்தானே என்று மச்சானைக் கேட்டார். மச்சான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அவரு வந்திருக்காருங்க. அது போதும்," என்றாள் அக்கா. "சம்மதம் நான் சொல்றேன்."

நர்ஸம்மா இன்னொரு முறை மச்சானைப் பார்த்தார். மூன்று கால் நாற்காலி இன்னும் அங்கேயேதான் கிடந்தது. பிறகு அக்காவின் ரவிக்கைக் கையை மேலே சுருட்டிவிட்டு ஊசியைப் போட்டார். மச்சான் அதைப் பார்த்தார். தொழில்காரரின் பார்வை. ஊசி எந்த இடத்தில் இறங்குகிறது, எந்தச் சாய்வில் இறங்குகிறது என்று பார்த்தார். அதில் குறை எதுவும் கிடைக்கவில்லை போலிருக்கிறது.

பெஞ்சில் உட்கார வைத்தார்கள். மச்சான் வேப்ப மரத்தடியில் நின்றார். அவர் போன் அடித்துக்கொண்டே இருந்தது, அவர் எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து என்னிடம் வந்தார்.

"ஏதாச்சும் ஆச்சுன்னா உன்னையத்தான் கேப்பேன்."

இதற்கு என்னிடம் ஒரு பக்கம் பதில் இருந்தது. எத்தனை கர்ப்பிணிகளுக்கு, எந்தெந்த நாடுகளில், என்ன ஆனது என்று எல்லாம். ஆனால் எனக்கும் அதே பயம்தான் இருந்தது. ஏதாவது ஆகிவிட்டால்? ஊசியால் ஆகாமல் வேறு எதனாலோ ஆகிவிட்டாலும்? அந்தப் பயத்தை அவர் கையில் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

"அக்காவைக் கேளுங்க மச்சான். அவதானே போட்டுக்கிட்டா."

அவர் அக்காவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு போய், நடுவில் ஓர் ஆள் உட்காரும் இடம் விட்டு, பெஞ்சின் கடைசியில் உட்கார்ந்தார். அக்கா வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு எதிரே வரிசையில் நின்றவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நேரம் ஆகிவிட்டது, போகலாம் என்றார் நர்ஸம்மா. மச்சான் எழுந்தார். நானும் எழுந்தேன். அக்கா எழவில்லை.

"அங்க நூறு பேரு சந்தனத்தக் கையில வெச்சிட்டு நிக்கறாங்க. இந்த ஊசி வேலை செய்ய இன்னும் நாளாகும். மாஸ்க்கைப் போட்டுட்டு, கன்னத்தைத் தொடாம, கையில மட்டும் பூசட்டும். ஊட்டி உட வேண்டாம். இதை நீங்க உங்கம்மாகிட்டச் சொல்லுங்க. பொறகு வாரேன்."

"நானு சொல்லோணுமா?"

"நீங்கதான் சொல்லோணும். நாஞ் சொன்னா ஆரு கேக்கறா?"

போன் மறுபடியும் அடித்தது. கண்ணாத்தாளின் பெயர் திரையில் தெரிந்தது. மச்சான் அதைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. இதற்கும் சேர்த்து என்றைக்காவது வீட்டில் கத்துவார், எனக்குத் தெரியும். அக்கா அதற்கும் தயாராகத்தான் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

அவர் போனைக் காதில் வைத்தார்.

"அம்மா," என்றார். அந்தப் பக்கம் சத்தம் பெரிதாகக் கேட்டது. "போட்டாச்சு. கத்தாதீங்க. முதல்ல எல்லாரையும் மாஸ்க்கை மேல ஏத்தச் சொல்லுங்க. ஆமா, பெரியப்பாவையுந்தான்."